பல் முளைத்த பாலன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். மயிலாப்பூர் பஜார் பக்கம் இருந்த கரீம் பாய் வீட்டுப் படியை ஆனி டீச்சர் அந்த மாசத்தில் ஐந்தாவது தடவையாக ஏறினாள். தூறலில் குடை பாதிதான் விரிந்தது. அதன்மேலும் அவளுக்குக் கோபம்.

நவம்பர் கடைசியில், சாமியாருக்குத் துணையாயிருக்கும் உபதேசியார் ராஜநாயகம், கோயில் குடிலில் வைக்கும் பாலன் சேசு சுரூபத்தைப் பரணிலிருந்து இறக்கும்போது கைநழுவ விட்டுவிட்டார். முகம் தூள் தூளாகிவிட்டது. போட்டு உடைத்தவர் அவர். பங்குச் சாமியார் கூப்பிட்டனுப்பியது ஆனியை. "நீங்க பார்த்துக்குங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஜெபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் ஆனி டீச்சர். குடிலுக்கு வைக்கோல் வராவிட்டால் ஆனி டீச்சர். வீட்டில் ஏனென்று கேட்க ஆளில்லாதவள் என்றால் ஊர் வேலையெல்லாம் தன் தலையில்தானா என்று வழி நெடுக சர்வேசுரனிடமே முறையிட்டுக்கொண்டு வந்தாள். அவர் பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

அப்துல் கரீம் குதிரை வண்டிகளுக்கு வர்ணம் அடிப்பவர். உடைந்த பொம்மைகளையும் ஒட்டித் தருவார். சுரூபத்தைக் கேட்டு முதல் தடவை போனபோது சுண்ணம் காயவில்லை என்றார். அடுத்த தடவை மழை. அதற்கடுத்தது, யுத்தத்தினால் வர்ணமே கிடைக்கவில்லை. நாலாவது தடவை ஆளையே காணோம், கல்யாணத்துக்குப் போயிருந்தாராம்.

"இன்னிக்கும் ஆகலைன்னீங்கன்னா பாய், நான் இங்கேயே உக்காந்துடுவேன்."

"ரெடியா கீது டீச்சரம்மா. கோவிச்சுக்காதீங்க" என்று அவர் துணியை விலக்கினார்.

பாலன் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். கீழே இரண்டு பற்கள்.

"என்ன பாய் இது?"

"சிரிக்குது."

"சிரிக்கிறது தெரியுது. பல்லு எங்கேருந்து வந்துச்சு? பொறந்த அன்னிக்கே குழந்தைக்குப் பல்லு இருக்குமா?"

கரீம் பாய் தலையைச் சொறிந்தார். "பழைய மூஞ்சி எப்படி இருந்துச்சின்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? நீங்க கொணாந்தப்பவே தூளாப் பூட்ச்சு. எங்க பேத்தி வஜீஹாவைப் பார்த்துச் செஞ்சேன். எட்டு மாசம் ஆவுது. நான் வூட்டுல காலை வெச்சாப் போதும், இப்படித்தான் சிரிக்கும். நான் இன்னா பெரிய ஆளா? வண்டிக்குச் சாயம் அடிக்கிறவன். அதுக்கு அதெல்லாம் தெரியாது."

"அந்தப் பல்லை மட்டும் மறைச்சுக் கொடுங்க."

"காய ரெண்டு நாள் ஆவுமே."

இரண்டு நாளில் பண்டிகையே முடிந்துவிடும். ஆனி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சுரூபத்தை வாங்கிப் புடவைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். இருபது வருஷம் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவள் பல் முளைத்த பாலனைக் கொண்டுவந்து வைத்தாள் என்று பங்குச் சனமே பேசப் போகிறது.

மறுநாள் காலைப் பூசை முடிந்து சாமியார் பாலன் மேலிருந்த பட்டுத் துணியை எடுத்ததும், சனம் குடிலைச் சூழ்ந்தது. ஆனி ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். முதலில் குனிந்தவள் நொச்சிக்குப்பத்து மீன்காரி ஃப்ளோரன்ஸ். "அய்ய, என்னைப் பார்த்து இன்னாமாச் சிரிக்குது பாரேன்" என்றாள். அவளுக்கு அடுத்து வந்தவர், எதற்கும் முகம் மாறாத பழைய ஹெட்மாஸ்டர் லூயிஸ். அவரும் பாலனைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போனார். யார் வாயிலிருந்தும் ஒரு குறை வரவில்லை. அதுவும் ஆனிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் பயந்ததெல்லாம் வீணா?

கூட்டம் கலைந்ததும் பட்டுத் துணியை மடித்து வைக்கக் குடிலருகே போய் முழந்தாளிட்டாள். நிமிர்ந்தபோது அந்த முகம் நேர் எதிரே இருந்தது. கைகள் இரண்டும் அவளை நோக்கி நீண்டிருந்தன.

சர்வேசுரன் நம்மை நேசிக்கிறார் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாள். சொல்லும்போதெல்லாம் அவள் மனசில் இருந்தவர், பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டர் மாதிரியான ஒருவர்தான். நோட்டைப் புரட்டி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, சரி, போகலாம் என்பவர். தன்னைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம் வரும் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. நேற்றெல்லாம் முணுமுணுத்தவளைக் கண்டுமா?

பாலன் சிரித்துக்கொண்டேயிருந்தார். ஆனிக்கும் சிரிப்பு வந்தது. கோயிலாயிற்றே என்று அடக்கப் பார்த்தாள். கண்ணீரும் சேர்ந்து வந்ததால் முடியவில்லை.

"டீச்சர், அந்தப் பல்லு..." என்று சாமியார் பின்னாலிருந்து இழுத்தார்.

"தெரியும் சாமி."

"ஜனவரியிலே மூணு ராஜாக்கள் திருநாள் ஆனதும் எடுத்துடலாமா?"

"வேணாம் சாமி. இருக்கட்டும்."

சாமியார் போய்விட்டார். உபதேசியார் கதவைச் சாத்த வந்து, சாவிக்கொத்தை இரண்டு தரம் குலுக்கிக் காட்டினார்.

"சத்தம் போடாதீங்க உபதேசியாரே" என்று சிடுசிடுத்துவிட்டு, ஆனி இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.