நகல் பெட்டி

அண்ணன் வீட்டின் கீழ்த்தளத்தில் முழங்கால் போட்டு இசைத்தட்டுக் கூடையை இழுத்துக்கொண்டிருந்த ரோஸ்கோவின் கண்ணில் அந்த வெளிச்சம் பட்டது. மேசைமேல் இருந்த தாளப்பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. பதினாறு பொத்தான்களையும் தாண்டியதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சத்தத்தை யாரோ சுத்தமாகக் குறைத்து வைத்திருந்தார்கள். செத்துப்போன மனுஷனின் அறையில் அது மட்டும் தன்பாட்டுக்கு எட்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது.

ரோஸ்கோ வாங்கிக் கொடுத்த பெட்டிதான்.

"ஏய் ரோஸ்கோ! அங்கேயே குடியேறிட்டியா? கார் வந்து நிக்குது!" மேலேயிருந்து அண்ணி வெர்லீன் கத்தினாள்.

"இதோ வந்துட்டேன் அண்ணி!"

வரவில்லை. கூடையை அப்படியே விட்டுவிட்டு மேசைப் பக்கம் போனான். பெட்டியைப் பிரித்திருக்கிறான் அண்ணன். பிரித்தது மட்டுமில்லை, பொத்தான்களில் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. அடப்பாவி, தொட்டிருக்கிறானே என்று ரோஸ்கோ குனிந்து பார்த்தான்.

விஷயம் முப்பத்தைந்து வருஷத்துப் பழசு. அண்ணன் வெண்டெல் ஒரு கார் தொழிற்சாலையில் ஓவர்டைம் ஓவர்டைமாகப் பார்த்து ஒரு ஜப்பான் தாளப்பெட்டி வாங்கினான்; பொத்தானை அமுக்கித் தாளம் போட்டால் அதையே திரும்பத் திரும்ப அடிக்கிற டிரம் மெஷின். டெட்ராய்ட்டின் மேற்குப் பக்கத்தில் அப்போது பாதிப் பையன்களுக்கு அதே பைத்தியம்தான். வெண்டெல் அதை வைத்துக்கொண்டு இரண்டு இசைத்தட்டு வெளியிட்டான். மூன்றாவதற்குத் தாளம் தயாராகியிருந்த வாரத்தில், அவன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தம்பி ரோஸ்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் லிவர்னாய் சாலைக் கடையில் விற்றுவிட்டான். அந்தக் காசு ஒரு வாரப் போதைக்குக்கூடக் காணவில்லை. பெட்டியோடு தாளமும் போயிற்று. மூன்றாவது தட்டு வரவேயில்லை.

ரோஸ்கோ திருந்தி, நகரப் பேருந்து ஓட்ட ஆரம்பித்து, மனிதனாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. திருந்திய முதல் வருஷம் அண்ணன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். "சரி, விடு," என்றான் வெண்டெல். அந்த "விடு" கதவைத் திறந்ததா சாத்தியதா என்று தம்பிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது அந்த அசல் பெட்டி வேண்டுமென்றால் ஒரு பழைய காரின் விலை கொடுக்கவேண்டும். ஆனால் நகல் வந்துவிட்டது. அதே நிறம், அதே பொத்தான், அதே திம் திம். நல்ல கோட்டு ஒன்றின் விலைதான். மார்ச்சில் அண்ணன் பிறந்தநாளன்று ரோஸ்கோ ஒன்றை வாங்கி, வாசலில் வைத்து, மணியை அடித்துவிட்டு, அவன் கதவைத் திறப்பதற்குள் காரில் ஏறி ஓடிவிட்டான். அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. வந்தால், அண்ணன் பெட்டியைப் பிரிக்காமலே தன் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவானோ என்று பயம். உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்த பிறகும் டூட்டி, ஓவர்டைம் என்று சாக்குச் சொன்னான். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனபோது வெண்டெலுக்கு நினைவு தப்பியிருந்தது.

அதனால் இன்றைக்கு அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டும். அந்தப் பெட்டியில் அண்ணன் என்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறான்?

சத்தத்தைக் கூட்டக் கை வைத்தான். வெளியே சவ அடக்கக் கம்பெனியின் கறுப்புக் கார் இரண்டு தடவை ஹாரன் அடித்தது. இரு, அடக்கம் முடிந்து சர்ச் சாப்பாட்டில் எல்லாரும் சேர்ந்தே கேட்போம் என்று தோன்றியது. பிளக்கைப் பிடுங்கினான். துண்டில் சுற்றிக் கூடைமேல் வைத்துத் தூக்கிக்கொண்டு படி ஏறினான். பழைய பெட்டியில் அதுதான் வழக்கம். உள்ளே பாட்டரி இருக்கும். கரண்ட் போனாலும் போட்ட தாளம் போகாது.

ஆராதனையில் ரோஸ்கோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளைக் கையுறை போட்ட சர்ச் ஊழியப் பெண் ஒருத்தி காகித விசிறி கொடுத்தாள்; அதை மடக்கி மடக்கியே உடைத்துவிட்டான். போதகர் வெண்டெலின் முப்பது வருஷத் தொழிற்சாலை வேலையைப் பற்றிப் பேசினார், சர்ச் பாடகர் கோஷ்டியில் அவன் பாடியதைப் பற்றிப் பேசினார். தாளப்பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரோஸ்கோ இரண்டு தடவை பாத்ரூம் போகிறவன் மாதிரி எழுந்து போய்க் கார் டிக்கி பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். கல்லறையில் மண் போட்டபோது அழுகை வந்தது. அழுதுகொண்டே மணி பார்த்தான்.

சர்ச்சுக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கூடத்தில் ஹியூபர்ட் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டிருந்தார். வெண்டெலின் கூட்டாளி, அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்துதான் பார்ட்டிகளில் இசைத்தட்டு ஓட்டினார்கள். துண்டைப் பிரித்ததும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"அடேங்கப்பா! அசலா?"

"நகல்."

"நகலா? வெண்டெல் வீட்டிலயா? போன வருஷம் நான் ஒண்ணு வாங்கறேன்னு சொன்னதுக்கு, பிளாஸ்டிக் பொம்மைடா அது, குழந்தை குளிக்கும்போது தொட்டியில போடலாம்னு ஒரு மணி நேரம் என்னைக் காய்ச்சினானே!"

ரோஸ்கோ பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டான். "இதுல ஏதோ போட்டு வச்சிருக்கான்," என்றான்.

"அப்போ போடு, கேப்போம்."

பிளக்கைச் செருகினான். எல்லா விளக்கும் ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தன. பொத்தானை அமுக்கினான். சிவப்புப் புள்ளி ஓடியது. சத்தம் இல்லை. குமிழியைத் திருப்பினான், வயரைப் பிடுங்கி மறுபடி செருகினான், முரசு, கைதட்டல் என்று எல்லா வரிசையையும் தட்டிப் பார்த்தான். தாளம் போட்ட பொத்தானில் விளக்கு எரியவேண்டும்; ஒன்றிலும் ஒரு விளக்கு இல்லை.

ஹியூபர்ட் மெதுவாகக் கேட்டார். "சேவ் பண்ணிட்டுத்தானே பிடுங்கினே?"

"சேவா?"

"இது பழசு இல்லப்பா. இதுல சேவ் பொத்தான் அமுக்கலைன்னா, கரண்ட் போச்சுன்னா எல்லாம் அம்போ. எந்தச் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். நம்ம மாதிரி கிழங்கதான் மாட்டிக்கும். வெண்டெலும் அமுக்கியிருக்க மாட்டான்."

பட்ட காலிலே படும் என்பார்கள். முதல் தடவை போதையில் செய்தான், சாக்காவது இருந்தது. இந்தத் தடவை தெளிவான புத்தியோடு, அண்ணனை அடக்கம் செய்கிற நாளில், அவன் கடைசியாகப் போட்டதைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டான். ரோஸ்கோவுக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெர்லீன் அடுக்களையில் இருந்தாள். சர்ச் பெண்கள் இரண்டு தடவை அவளைக் கொண்டுபோய் முன் மேசையில் உட்காரவைத்தார்கள். இரண்டு தடவையும் எழுந்து வந்துவிட்டாள். கறுப்புத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பொரித்த கோழியைத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"இன்னிக்குமா?"

"அண்ணனோட பெட்டி. பிளக்கைப் பிடுங்கிட்டேன். அவன் போட்டு வச்சதெல்லாம் போச்சு. அன்னிக்குப் பெட்டியை வித்துத் தொலைச்சேன், இன்னிக்கு..."

வெர்லீன் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். "எது, அந்தச் சனியனா?" என்றாள். "ஆறு வாரம் என் உயிரை எடுத்துச்சே, அதுவா?"

"ஆறு வாரமா?"

"முதல்ல பொம்மை, பொம்மைன்னு திட்டினார். திட்டிக்கிட்டே காலையில உக்காந்தா சூப் ஆறி ஆடை கட்டற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். அப்புறம் படி இறங்க முடியலை. கட்டில்லேர்ந்து தடியால தரையைத் தட்டுவார். நான் கீழ போய் அமுக்கணும். அவர் கீழ இறங்கற ஹீட்டர் காத்துக் குழாய் வழியாக் கத்துவார். ஏழு இல்லடி, எட்டு! கைதட்டல் பதிமூணுல! முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியும் எண்ணத் தெரியலையேன்னு வேற பேச்சு."

ரோஸ்கோ அவளையே பார்த்தான். "அப்போ உங்களுக்கு..."

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? இந்த விரல் போட்டதுதானே. நட."

கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். ஹியூபர்ட் நாற்காலி இழுத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு, ஒவ்வொன்றாக அமுக்கினாள். குண்டு முரசுக்கு ஒன்று, நாலு, எட்டு, பதினொன்று. கைதட்டலுக்கு ஐந்து, பதிமூன்று. ஜால்ராவை ஒன்றுவிட்டு ஒன்று போட்டுக்கொண்டே போய், பதினாலில் கூடுதலாக ஒன்று வைத்தாள். "இந்தப் பதினாலுக்காக ரெண்டு நாள் சண்டை," என்றாள்.

ஹியூபர்ட் சத்தத்தைக் கூட்டினார். கூடத்தின் தரை அதிர்ந்தது. நடுவில் ஒரு குறையோடு, நொண்டுகிற மாதிரி நொண்டி மறுபடி நிமிர்ந்து நடக்கிற தாளம். சாப்பிட்டுக்கொண்டிருந்த தலைகள் திரும்பின. கோடி மேசையில் இரண்டு பேருக்கு, வெண்டெல் வயசுக்காரர்கள், காலும் தோளும் தானாக ஆடத் தொடங்கின. இது வெண்டெல்தான், வேறு யாருமில்லை என்று யாரோ சொன்னார்கள்.

ரோஸ்கோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். இதை ஒருவன் வேண்டா வெறுப்பாகப் போட்டிருக்க முடியாது.

"அவ்வளவுதான்," என்று நிமிர்ந்தாள் வெர்லீன். "மணி மட்டும் பாக்கி."

"எந்த மணி?"

"இதோ, மாட்டு மணி வரிசை. அதைத் தொடவே விடலை. அது எப்பவும் ரோஸ்கோ வேலை, அவன் வந்து போடுவான்னார். மாட்டைக் கண்ணால பாக்காத பய, ஆனா மணி எங்க விழணும்னு அவனுக்குத்தான் தெரியும்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். தினம் கேப்பார், வந்தானா, வந்தானான்னு. அதுக்குத்தான் உனக்கு ரெண்டு தடவை போன் போட்டேன்."

ரோஸ்கோவுக்கு அந்த இரண்டு அழைப்பும் ஞாபகம் இருந்தது. பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பேருந்தை ஓரம் கட்டிய பிறகும், மணி அடித்து ஓயும்வரை போனைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

"பாத்தேன் அண்ணி," என்றான். "எடுக்கலை."

"தெரியும்," என்றாள் வெர்லீன். அவன் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டு, கோழி ஆறிவிடும் என்று அடுக்களைக்குத் திரும்பிப் போனாள்.

"போடேம்பா," என்றார் ஹியூபர்ட். "என்ன யோசனை?"

ரோஸ்கோ மணி வரிசையைத் திறந்தான். பதினாறும் இருட்டாக இருந்தன. விரலைக் கொண்டுபோனான். சிவப்புப் புள்ளி விரலுக்கு அடியில் ஒருமுறை ஓடியது, இரண்டுமுறை ஓடியது, மூன்றாவது தடவையும் வந்து தாண்டிப் போயிற்று. விரலை எடுத்துக்கொண்டான்.

"சேவ் எது?" என்று கேட்டான்.

ஹியூபர்ட் காட்டினார். ரோஸ்கோ அதை அழுத்தினான். சரியாக விழுந்ததோ இல்லையோ என்று இன்னொரு முறையும் அழுத்தினான். மணி வரிசையில் ஒரு விளக்கும் இல்லாமலே பெட்டி அந்தத் தாளத்தை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டது.