காஜா மட்டும்தான் பாக்கி

அங்குலம் என்றால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கலாம். தையற்கடைக்காரர். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தது அவர் மனைவி மட்டும்தான். அந்த அம்மாள் அதே கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து பட்டன் தைப்பவர். அளவில் நூலிழை பிசகாத மனிதர், சொன்ன தேதிக்கு மட்டும் ஒருநாளும் தைத்துக் கொடுத்ததில்லை. "எல்லாம் முடிஞ்சுது, காஜா மட்டும்தான் பாக்கி" என்பார். துணியை அப்போதுதான் வெட்டவே எடுத்திருப்பார்.

அவருடைய மகனும் மகளும் வேலை பார்த்தது ஒரே வெளிநாட்டில். முதலில் ஒரே நகரம். அண்ணன்தான் தங்கைக்கு வேலை வாங்கிக் கொடுத்தான், அறை பார்த்தான், எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதையும் அவனே முடிவு செய்தான். மூச்சு முட்டிப்போன தங்கை, சொல்லாமல் கொள்ளாமல் நாட்டின் மறுகோடிக்கு வேறு வேலை தேடிப் போய்விட்டாள். விஷயம் அண்ணனுக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. கீரியும் பாம்பும் தேவலை, நேரில் பார்த்தாவது சண்டை போடும்.

பெற்றவர்கள் பார்க்க வருகிறோம் என்றதும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பிடிவாதம். "முதல்ல எங்கிட்டதான் தங்கணும்" என்றான் மகன். "அண்ணன் வீட்டுக்கு முதல்ல போனீங்கன்னா, அப்புறம் இங்க வரவே வேணாம்" என்றாள் மகள். எந்தக் கண்ணில் குத்திக்கொள்வது என்று அம்மாள் அழுதாள்.

அங்குலம் அழவில்லை. அந்த நாட்டு வரைபடத்தை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு வந்து வெட்டு மேசையில் விரித்தார். மகன் ஊரில் ஒரு புள்ளி, மகள் ஊரில் ஒரு புள்ளி. டேப்பை வைத்தார். சரியாக மூன்று அங்குலம். நடுவில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் இருந்தது.

"இங்க ரூம் போடுவோம். ரெண்டு பேருக்கும் பொது. சாயங்காலமானா இவனும் வரலாம், அவளும் வரலாம்."

"அவ்வளவு பக்கமா?" என்றாள் மனைவி.

"நம்ம கடைச் சுவத்துல இருக்கற ஜில்லா மேப்புல ஒரு அங்குலம்னா பஸ்ல அரை மணி. நீ கணக்குப் போட்டுக்க."

பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ஒருவர் முந்திக்கொள்வார் என்று பயம்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்ற மனிதருக்கு, விமான நிலையத்திலிருந்து ஏறிய ரயிலில்தான் வியர்க்க ஆரம்பித்தது. டிக்கெட்டில் போட்டிருந்த இறங்கும் நேரத்தை முன்பே பார்த்திருந்தார். அந்த நாட்டுக் கடிகாரம் வேறு என்று விட்டுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே வயல் வந்தது, வயலே வந்தது, தூங்கி எழுந்தும் வயல்தான் இருந்தது. எதிர் இருக்கைக்காரர் இரண்டு முறை சாப்பிட்டு முடித்தார்.

"என்னங்க, இன்னும் அரை அங்குலமா?" என்று கேட்டாள் மனைவி. அவர் டிக்கெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

ஊர் என்று சொல்ல ஒரே ஒரு தெரு. தெருக்கோடியில் தங்கும் விடுதி. அறை சுத்தமாக இருந்தது, சொந்தக்காரப் பெண்மணியும் நல்லவள், வெந்நீருக்குக் குறைவில்லை. ஆனால் எந்தப் பிள்ளை வர வேண்டுமென்றாலும் ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். ஒரு சட்டையின் அளவை வைத்து இன்னொரு துணியை வெட்டிவிட்டார் அங்குலம்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு கொண்டுவந்து விட்டுட்டீங்களே" என்று மனைவி பிடித்துக்கொண்டாள். அவருக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் பிள்ளைகளை ஒன்றாகப் பார்க்காமல் திரும்பிவிடுவோமோ என்பதுதான் அதைவிடப் பெரிய வலி.

வேறு வழியில்லாமல் போனில் சொன்னார்கள். மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அங்கேயே இருங்க, நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்." மகளும் அட்சரம் பிசகாமல் அதையே சொன்னாள். ஒருவர் வருவதை மற்றவரிடம் அங்குலம் சொல்லவில்லை.

"முதல்ல வர்றவங்களோட போயிடலாம்ங்க" என்றாள் மனைவி.

"வர்றவங்க வந்து உக்காரட்டும். ரெண்டு பேரும் வராம நான் எந்திரிக்க மாட்டேன்."

மறுநாள் மதியத்துக்குப் பிறகு மகன் வந்துவிட்டான். அம்மாவைக் கட்டிக்கொண்டான். அடுத்த வாக்கியமே, "கிளம்புங்க, இருட்டுறதுக்குள்ள பாதி தூரமாவது போயிடணும்."

அங்குலம் விடுதியின் திரைச்சீலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓரம் பிரிந்திருந்ததைக் காலையிலேயே பார்த்து, சைகையில் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

"ஒத்துக்கிட்ட வேலைடா. இதோ முடிஞ்சுது."

முடியவில்லை. ஒரு சாண் தைப்பார், கோணலாகிவிட்டது என்று அரை சாண் பிரிப்பார். மகன் வாசலுக்கும் அறைக்கும் நடந்தான்.

"இன்னும் எவ்வளவுப்பா?"

"எல்லாம் முடிஞ்சுது, காஜா மட்டும்தான் பாக்கி."

"திரைச்சீலைக்கு ஏதுப்பா காஜா?"

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் வெளியே இன்னொரு கார் வந்து நின்றது.

மகள் உள்ளே வந்தாள், அண்ணனைப் பார்த்தாள், நின்றுவிட்டாள். அவன் கை கார்ச் சாவியைத் தேடியது. அங்குலத்தின் விரலில் ஊசி ஏறியது. இப்போது ஒருவர் திரும்பிப் போனாலும் எல்லாம் போச்சு என்று அவருக்குத் தெரியும்.

"நான்தான் முதல்ல வந்தேன்" என்றான் மகன், சுவரைப் பார்த்து. "விடியறதுக்கு முன்னாடி கிளம்பினவன். அவங்க என்கூடத்தான் வருவாங்க."

"நான் மட்டும் தூங்கி எழுந்து, குளிச்சு, சாவகாசமா வந்தேனா? உன்னைவிட நான்தான் அதிக தூரம் ஓட்டியிருக்கேன்."

"அதெப்படி? அப்பா நடுவுலதானே ரூம் போட்டிருக்கார்!"

இரண்டு வருடத்தில் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. சண்டைதான், ஆனாலும் அங்குலத்துக்குக் காது குளிர்ந்தது. அப்பா கொண்டுவந்திருந்த வரைபடத்தை மகன் வாங்கி விரித்தான், அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவினான். இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை.

"பாத்தியா, சரி பாதி" என்று தொடங்கியவன் குனிந்து இன்னும் உற்றுப் பார்த்தான். தங்கை ஊருக்கும் இந்த ஊருக்கும் நடுவில் மலை. பாதை வளைந்து வளைந்து போயிருந்தது. அந்த வளைவுகளின் மேல் டேப்பை மடக்கி மடக்கி வைத்துப் பார்த்தான்.

"அப்பா, நீங்க நேர்கோடா அளந்துட்டீங்க" என்றான் கடைசியில். "அவதான்ப்பா அதிகம் வந்திருக்கா." பிறகு தங்கையைப் பார்த்தே கேட்டான்: "இந்த மலையில தனியாவா ஓட்டிட்டு வந்தே?"

"தனியாத்தான்." அவள் குரல் இறங்கியிருந்தது. "சொல்லாம போனது தப்புதாண்ணா. சொன்னா நீ விட்டிருக்க மாட்டே."

"விட்டிருக்க மாட்டேன்தான்" என்று ஒப்புக்கொண்டான். "சாப்பிட்டியா?"

அம்மாளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள், "சரி, முதல்ல யார் வீட்டுக்குத்தான் போறது?"

"அவ வீட்டுக்கு. மலைப்பாதையில நான் முன்னாடி ஓட்டறேன், அவ பின்னாடி வரட்டும்" என்றான் மகன்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? நான்தான் முன்னாடி போவேன். உனக்கு அந்த ரோடு தெரியுமா?"

மகன் வரைபடத்தை மடித்துத் தங்கையிடம் நீட்டினான். "சரி, நீயே போ."

அங்குலம் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். திரைச்சீலையில் மிச்சமிருந்த ஓரத்தை நாலே இழுப்பில் தைத்து, நூலைப் பல்லால் கடித்தார்.

"முடிஞ்சுது, கிளம்பலாம்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்னபோது அது உண்மையாகவே முடிந்திருந்தது.