வானத்தைப் பார்த்துச் சுட்டவர்

கோர்ட்டு வராந்தா பெஞ்சில் வெர்லின் ஸ்டாக்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். எழுபத்தோரு வயதில் முதல் வழக்கு. எரிவாயுக் குழாய்க்கு நிலம் அளக்க வந்தவன் கேட்காமல் வேலி தாண்டினான். இவர் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் ஒரு தடவை சுட்டார். என்னைத்தான் குறிவைத்தார் என்று அவன் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான்.

அவருக்காக வாதாட அரசு அமர்த்திய வக்கீல் பிரிசீனோ காகிதத்தோடு வந்தாள். இத்தனை நேரம் எதிர்த்தரப்பு வக்கீலோடு காபி குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தவள். அதிலேயே வெர்லினுக்கு அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது.

"சார், இது பெருங்குற்ற வழக்கு. நடத்தித் தோத்தா ரெண்டுலேருந்து இருபது வருஷம் ஜெயில். இன்னிக்கே குத்தத்தை ஒத்துக்கிட்டா அஞ்சு வருஷம் கண்காணிப்பு மட்டும். ஜெயிலே கிடையாது."

"என் துப்பாக்கி?"

"இனிமே தொடக் கூடாது. வீட்டுலயும் இருக்கக் கூடாது. ஜட்ஜ் வரிசையா கேப்பாரு, ஆமான்னு சொல்லிட்டே வாங்க. யாராவது பயமுறுத்தினாங்களான்னு கேட்டா மட்டும் இல்லன்னு சொல்லுங்க."

"சொல்லித் தொலை வெர்லின்," என்றாள் மனைவி நோலீன். "இருபது வருஷம் ஒத்த ஆளுக்குச் சமைக்க என்னால ஆகாது."

உள்ளே நீதிபதியின் முதல் நாலு கேள்விக்கும் ஆமாம் சொல்லிவிட்டார்.

"ஒத்துக்கச் சொல்லி யாராவது பயமுறுத்தினாங்களா?"

"இந்தப் பொண்ணு இருபது வருஷம்னு சொல்லுச்சு. அதுக்குப் பேரு என்னங்க?"

பின்வரிசையில் சிரிப்பு. நீதிபதி சிரிக்கவில்லை.

"அந்த ஆளைக் குறிவெச்சீங்களா, இல்லையா?"

"வானத்தைத்தான் சுட்டேன். அவனைக் குறிவெச்சிருந்தா எழுதிக் குடுக்க அவன் இருந்திருக்க மாட்டான்."

பிரிசீனோ நெற்றியில் கை வைத்தாள்.

"இந்த ஒப்புதலை ஏத்துக்க முடியாது. மார்ச்சுல ஜூரி விசாரணை," என்றார் நீதிபதி.

"அப்போ எங்க சலுகையும் கிடையாது," என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேஸ் கட்டை மூடினான்.

வண்டியில் ஏறியதும் நோலீன் பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்துல பாதிரியார் கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னியே. இன்னிக்கு என்ன கேடு?"

"அது நிஜம்டி."

அவர் சாவியைத் துளையில் விடப் பார்த்தார். நாலு தடவையும் தவறியது. நோலீன் சாவியைப் பிடுங்கினாள்.

"தள்ளு அந்தப் பக்கம். இப்போதிருந்தே ஓட்டிப் பழகிக்கறேன்."