ஏறிய நாளின் குங்குமம்

"இன்னைக்கு எம்புட்டுடா?" என்று சீனிச்சாமி கேட்டபோது, மகன் விஜயகுமார் அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். இடது கையை நுழைத்தாயிற்று. வலது கை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பி நாலு நாளாகிறது. மூச்சுக்குத் திணறினாலும் மனிதருக்குக் காலையில் சட்டை போட்டாக வேண்டும், ரேட்டு கேட்டாக வேண்டும்.

ரேட்டு என்றால் ஏலக்காய் ரேட்டு இல்லை. ஒரு யூரோவுக்கு எத்தனை ஸ்லோட்டி என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். போடியில் இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்று கற்பூரம் அடித்துச் சொல்லலாம்.

மகள் சுஜிதா போலந்தில் கோழிக்கறி பேக் செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். சம்பளம் அந்த ஊர்க் காசான ஸ்லோட்டியில். அங்கிருந்து ஜெர்மனிக்கு நர்சு வேலைக்குத் தாவுவதற்குக் கட்ட வேண்டிய பணமெல்லாம் யூரோவில். இரண்டு காசுக்கும் நடுவில் மகளின் தலையெழுத்து கிடக்கிறது என்பது சீனிச்சாமிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் ஏலக்காய்க் கமிஷன் கடையில் குமாஸ்தாவாக இருந்தவர். மகன் செல்போனில் பார்த்துச் சொல்வான். அவர் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி, கம்பியில் குத்துவார். ஏறிய நாளானால் தாளுக்கு ஒரு குங்குமப் பொட்டு. கடையில் முதலாளி துண்டுச் சீட்டுக்கு வைப்பாராம், அந்தப் பழக்கம்.

கோளாறு அங்கேதான். ஆயுசு பூராவும் விற்கிறவன் பக்கம் நின்றவருக்கு ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. ஆனால் சுஜிதா யூரோவை வாங்குகிறவள். அது ஏற ஏற, அவள் சேர்த்து வைத்த ஸ்லோட்டி இளைத்துப் போகும்.

இது விஜயகுமாருக்குத் தெரியும். 2022 மார்ச்சில், போலந்துக்குப் பக்கத்து நாட்டில் சண்டை தொடங்கிய சூட்டோடு, யூரோ நாலு தொண்ணூற்றாறு வரை போனது. அன்றைக்கு சீனிச்சாமி ஒரு கிலோ ஆட்டுக்கறி எடுத்து வந்து, "எம் மகளுக்கு விடிஞ்சிருச்சு" என்று தெருவெல்லாம் சொன்னார். அதே நேரத்தில் சுஜிதா போனில் அழுதுகொண்டிருந்தாள். "அப்பாட்ட சொல்லிராதண்ணே. சந்தோசமாச் சாப்பிடட்டும்." அவனும் சொல்லவில்லை. கறியைத் தின்றுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு குரங்கணிக்கு ஆள் ஏற்றப் போய்விட்டான். பிறகு சொல்லலாம் என்று நினைத்ததில் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

அந்த மூன்று வருஷமும் ரேட்டு இறங்கியது. நாலே முக்கால், நாலரை, நாலு முப்பது. சுஜிதாவுக்கு மூச்சு வந்தது. இங்கே இவருக்கு முகம் தொங்கியது. திரும்ப ஏற வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகூடக் கொண்டார்.

"எம்புட்டுன்னு கேக்குறேன்ல?"

செல்போனில் நாலு இருபத்து மூன்று என்று இருந்தது. "நாலு அறுபதுப்பா. நல்லா ஏறிருச்சு."

சீனிச்சாமி கண்ணைத் திறந்தார். "நேத்து நாலு இருபத்தஞ்சு. ஒரே நாள்ல அம்புட்டு ஏறாதுடா. எங்கிட்டயே கதை விடுறியா?" மூச்சு வாங்கினார். "இறங்கிருச்சு, அதானே? தனியாக் கெடந்து பிள்ள என்னடா செய்யும்?"

அவர் கண்ணோரம் நீர் கோத்தது. விஜயகுமாருக்குத் தாங்கவில்லை. "இறங்குனாத்தாம்ப்பா அவளுக்கு நல்லது. அவ யூரோவ வாங்குறவ. விக்கிறவ இல்ல."

"வாங்குறவளா?"

"ஆமாப்பா."

சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடும்வரை அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு கேட்டார். "அப்ப, அந்த நாலு தொண்ணூத்தாறு?"

விஜயகுமார் போட்ட பொத்தானையே கழற்றி மறுபடி போட்டான்.

"அன்னைக்குக் கறி எடுத்தேனேடா."

"அது போகுதுப்பா. இப்பத்தான் நல்லாயிருச்சுல்ல."

"அந்தக் கம்பிய எடுத்துக் குடு. நீ போயி ஒஞ் சோலியப் பாரு."

கம்பியை அவர் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு, ஆக்சிஜன் சிலிண்டர் மாற்ற அவன் தேனிக்குப் போனான். சிலிண்டரோடு திரும்பியபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. அம்மா சந்திரவல்லி அழுகைக்கு நடுவே சொன்னாள். "அந்தத் தாளுகளயே தடவிக்கிட்டுக் கெடந்தாருய்யா. காப்பி கொண்டாரதுக்குள்ள போயிட்டாரு."

சொல்லாமலே இருந்திருக்கலாம். மூன்று வருஷம் அடக்கிய வாய்க்கு இன்னும் மூன்று மணிநேரம் அடக்கத் தெரியவில்லையே என்று அவன் தன் வாயிலேயே அறைந்துகொண்டான். ஜனங்கள் துக்கம் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சுஜிதா போனில் வந்தாள். "இங்க தங்குறதுக்கான கார்டு புதுப்பிக்கக் குடுத்திருக்கேண்ணே. அது வராம வெளியேறுனா திரும்ப உள்ள விடமாட்டாங்க. நீ வான்னு சொல்லு, எல்லாத்தையும் போட்டுட்டு வந்துர்றேன்."

ஐஸ் பெட்டியில் வைத்தால் உடம்பு இரண்டு நாள் தாங்கும். நாலு வருஷத்து உழைப்பு தாங்காது. அம்மாவைப் பார்த்தான். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வராத ஆத்தா," என்றான். அவள் பக்கம் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் குளிப்பாட்ட நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சுஜிதா வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா கன்னையன் சட்டையைக் கழற்றி விஜயகுமாரிடம் நீட்டினார். பையில் என்னவோ தடித்திருந்தது. எடுத்தான். நாலாய் மடித்த காலண்டர் தாள், 2022 மார்ச். பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் 4.96. மேலே வைத்த பொட்டை எச்சில் தொட்டுத் தேய்த்திருக்கிறார். தாள் நைந்து ஓட்டை விழுந்ததுதான் மிச்சம், செவப்பு சுற்றிலும் பரவியிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை இடுப்பில் செருகினான்.

"அண்ணே, அப்பா பெருவிரல் ஏன் செவந்திருக்கு? அடிகிடி பட்டுச்சா?"

"குங்குமம் ஆத்தா. காலையில சாமி கும்பிட்டாரு."

"எனக்காகவா?"

"ஒனக்காகத்தான்."

கன்னையன் அந்த விரலைப் பிடித்து அரப்பு வைத்துத் தேய்த்தார். மற்றதெல்லாம் போனது. நகக்கண்ணில் மட்டும் நின்றது. "போக மாட்டேங்குதே," என்று சொல்லிக்கொண்டு, இன்னொரு குடம் கொண்டுவரச் சொன்னார்.