பத்தொன்பது நாள் தாடி

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேசைகளில் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்கள். ஹிர்தலான் நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபத்தில் அன்று நானூறு பேருக்கு விருந்து. பாலாடைக்கட்டி, ஊறுகாய், வால்நட் அடைத்த கத்தரிக்காய், புகையில் வாட்டிய மீன். இடம் போதாமல் தட்டுகளின் விளிம்பில் தட்டுகளை ஏற்றி இரண்டாவது அடுக்கு எழுப்பினார்கள்.

நுஸ்ரத் பதினெட்டு வருடமாக அந்த வேலையைச் செய்பவன். இன்று சமையற்கட்டின் பின்புறம், பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அண்ணன் ஜாகிர் இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நாற்பதாம் நாள் வரை முகத்தில் கத்தி படக்கூடாது. தாடி பாதி நரையாக வளர்ந்திருந்தது. துக்க வீட்டு ஆள் கல்யாணத்தில் கால் வைக்கவும் கூடாது. ஆனால் பத்து நாளுக்கு மேல் விடுப்பு இல்லை என்று மண்டபத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த வேலைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அதனால் அவனைக் கதவுக்கு இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

“போதும்ப்பா, தேஞ்சிடப் போவுது,” என்றாள் தெல்லி. தொட்டியில் அவள் கைகள் முழங்கைவரை நுரைக்குள் இருந்தன. “பொண்டாட்டியக்கூட இவ்வளவு பதமாத் தொட்டிருக்க மாட்டே.”

“அவ கீழ விழுந்தாலும் உடைய மாட்டாக்கா.”

ஐந்தரைக்கு மேற்பார்வையாளன் வுகார் வந்தான். நுஸ்ரத்தைவிடப் பதினைந்து வயது இளையவன்.

“நுஸ்ரத்தண்ணே, ரெண்டு பேர் வரல. பொண்ணு மேசைக்கு ஆளில்ல.”

“நான் எப்படிப்பா வர்றது?”

“தாடிதானே? எடுத்துடுங்க.”

“இன்னும் இருபத்தோரு நாள் இருக்கு.”

“தாடி இல்லேன்னா யாருக்குத் தெரியும்? நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?”

நுஸ்ரத் ஒரு கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

“கெஞ்சிக்கிட்டு நிக்க நேரமில்லண்ணே. முடியாதுன்னா கோட்டக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்புங்க. நாளைக்கு வேற ஆளப் போட்டுக்கறேன்.”

சவரக் கத்தி ஒன்றைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனான். உறை பிரிக்காத மலிவுக் கத்தி. தெல்லி குழாயை மூடினாள். ஒரு சட்டியில் வெந்நீர் பிடித்து அவன் பக்கம் தள்ளினாள்.

பணியாளர் கழிப்பறையில் கண்ணாடி பாதிதான் இருந்தது. பாத்திர சோப்பைக் குழைத்துப் பூசிக்கொண்டான். கத்தி இரண்டு இழுப்பில் அடைத்துக்கொண்டது. தட்டித் தட்டி மழித்தான். தாடைக்குக் கீழே வெட்டிக்கொண்டான். நெற்றியும் மூக்கும் வெயிலில் கறுத்திருந்தன. மழித்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

ஏழு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் கிளாரினெட் உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் இடுப்பில் சிவப்புப் பட்டி, அவள் மேசையில் கண்ணாடியும் விளக்கும். நுஸ்ரத் முழு மீன் வைத்த தட்டை இரு கைகளிலும் ஏந்தி வந்தான். மாப்பிள்ளையின் தகப்பன் தெய்மூர் மேசையருகே நின்று வருகிறவர்களைக் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்.

“மீன நடுவுல வைப்பா,” என்றவர் நிமிர்ந்து பார்த்தார். “நீ ஜாகிரோட தம்பி இல்ல?”

“ஆமாங்க.”

“ஏழாம் நாள் உங்க துக்கப் பந்தல்ல உக்காந்து டீ குடிச்சேன்யா. அல்வா தின்னேன்.” இசைக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. “என் பையன் கல்யாணத்துல, பொண்ணுக்கு நேரா வந்து நிக்கறியே.” அவர் பார்வை தாடைக்கு இறங்கியது. “கூடப் பொறந்தவனுக்கு நாப்பது நாள் பொறுக்க முடியலையா உனக்கு?”

வுகார் ஓடி வந்தான்.

“யாருப்பா இந்த ஆள உள்ள விட்டது?” என்று தெய்மூர் அவனிடம் கேட்டார்.

“பின்பக்கம்தான் வெச்சிருந்தேன் ஐயா. துக்க வீடு, வராதேன்னு சொல்லித்தான் வெச்சேன். தானா வந்துட்டான்.”

தட்டு நுஸ்ரத்தின் கையிலேயே இருந்தது. வேறொரு பணியாள் வந்து வாங்கிக்கொள்ளும்வரை ஏந்திக்கொண்டு நின்றான்.

சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் வுகார் குரலைத் தாழ்த்தினான்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. பெரிய பார்ட்டி. அவர்கிட்ட வேற என்ன சொல்ல?” கோட்டுக்காகக் கையை நீட்டினான். “நாப்பது முடியட்டும். நானே போன் பண்றேன்.”

“பண்ணுவியா?”

“பாக்கலாம்ணே.”

நுஸ்ரத் பொத்தான்களைக் கழற்றினான். தெல்லி ஒரு பையில் பிலாவ் சோறும் ரொட்டியும் கட்டிக் கொடுத்தாள்.

“முடிதானே தம்பி,” என்றாள். பிறகு குழாயைத் திறந்தாள்.

சும்காயித் போகும் மினிபஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நாற்பது முடியும்வரை தினமும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் அவன் தன் வீட்டுக்குப் போக வேண்டும். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு எதிரில் ஓர் ஆண் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர் இருக்கைக்காரன் அவன் கழுத்துக் காயத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நுஸ்ரத் ஜூன் மாதப் புழுக்கத்தில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.

அவன் இறங்கியபோது கோடை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அண்ணன் குடியிருப்பில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்தாவது மாடியில், கதவுக்கு வெளியே நான்கு ஜோடி ஆண்கள் செருப்பு. உள்ளே பேச்சும் தேநீர்க் கரண்டியின் ஒலியும் கேட்டன. அவன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பிறகு தட்டினான்.

அண்ணன் மகள் ஜெய்ரான் கதவைத் திறந்தாள். ஆறு வயது. அவளுக்குப் பின்னால் சுவரோரம் தொலைக்காட்சி வெள்ளைத் துணி போர்த்தி இருந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். எக்கி, அவன் கன்னத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“சித்தப்பா, நாப்பது முடிஞ்சிருச்சா?” என்று உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி கத்தினாள். “அப்ப டிவி போடலாமா?”