ஏழாம் கணினி

விடியப்புறம் ஐந்தரைக்கு நாங்கள் உள்ளே போகும்போது அந்தக் கட்டடம் முதல்நாள் வெக்கையை இன்னும் வெளியே விட்டிருக்காது. நெல் மூட்டை அடுக்கிய பழைய களஞ்சியம் அது. தகரக் கூரை, இரண்டே இரண்டு யன்னல், பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு கணினி. பக்கத்து வளவில் கிரவல் மண் ஏற்றும் டிப்பர் லொறிகள் கிளப்புகிற சிவப்புத் தூசு எல்லாவற்றிலும் அப்பிக் கிடக்கும். பெயின்ற் அடிக்கிற தூரிகையால் கணினிகளின் காற்றாடிகளைத் தட்டித் துடைத்து, தும்மித் தும்மிக் கண் சிவந்த பிறகுதான் கதிரையில் இருப்போம். கனகராயன்குளம் சந்தியில் எங்களைக் கண்டால், நிழலில் இருந்து செய்கிற வேலைதானே என்பார்கள். ஒருநாள் வந்து அந்த நிழலில் இருந்து பார்க்கட்டும்.

ஏதோ ஒரு குளிர் நாட்டின் பழைய தேவாலயப் பதிவேடுகள் எங்களுக்குப் படங்களாக வரும். யார் பிறந்தார், எப்போது இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்று பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒருத்திக்கு ஒரு நாளைக்கு முந்நூறு பெயர். நூற்றைம்பது வருடத்துக்கு முன் காய்ச்சலில் செத்த அந்த நாட்டுக் குழந்தைக்குக்கூட ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு வரி இல்லை. இதை நினைத்தால் விரல் ஓடாது. ஆகவே நினைக்காமல் அடிப்போம்.

சித்திரை மாதத்தில் பிடித்தது சனியன். காலையில் கணினியைப் போட்டால் நீலத் திரை வரும். அப்டேட்டை முடிக்க முடியவில்லை, செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன், கணினியை நிறுத்த வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஐம்பது நிமிடம் அது சுற்றும். பிறகு வேலை. ஒன்றரைக்கு வேலை முடித்து நிறுத்தப்போனால் அப்டேட் மறுபடி தொடங்கும். அடுத்தநாள் விடியவும் அதே நீலம், அதே வசனம். அந்த ஐம்பது நிமிடம் முதலாளிக்கு வேலை நேரமே இல்லை. முந்நூறு பெயர் முந்நூறுதான். நாங்கள் மூத்திரத்தை அடக்கி, தேத்தண்ணியை மேசையிலேயே ஆறவிட்டு அதை ஈடுகட்டினோம்.

எல்லாவற்றிலும் மோசம் ஏழாம் கணினி. அது மூன்று தரம் தானாக நின்று நின்று எழும்பும், சில நாள் எழும்பவே எழும்பாது. அந்தக் கதிரை மேனுகாவுடையது. அவளுடைய வலது தோளுக்குள் பதினைந்து வருடத்துக்கு மேலாக, சண்டைக் காலத்து ஷெல் துண்டு ஒன்று கிடக்கிறது. நாற்று நட ஏலாது, கார்மென்ற் தொழிற்சாலையில் துணிக்கட்டு தூக்க ஏலாது. கையை மேசையில் கிடத்திச் செய்யக்கூடிய வேலை இந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். இரண்டு பிள்ளைகள் அந்தக் கையை நம்பி இருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி யோகலிங்கம் சேர் ஒரு தாளோடு வந்தார். அப்டேட் ஏறாத கணினியை அடுத்த மாதம் முதலாந் திகதியிலிருந்து இணைய விடமாட்டோம் என்று வெளிநாட்டுக்காரர் எழுதியிருக்கிறார்களாம். இதைச் சொல்லிவிட்டு நேரே ஏழாம் மேசைக்குப் போனார்.

"பிள்ளை, இதில கையெழுத்து வையும். உம்மட கவனயீனத்தால கொம்பியூட்டர் பழுதாப் போச்சு எண்டுதான் இருக்கு."

"நான் ஒண்டும் செய்யேல்லை சேர்."

"அப்ப அது தானா பழுதாகினதோ? மற்றப் பதினொண்டும் வேலை செய்யுதுதானே."

வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்தார். கையெழுத்து வைத்தால் கதிரை போகும். வைக்காவிட்டாலும் போகும் என்பது அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போன விதத்திலேயே தெரிந்தது. மேனுகா அழவில்லை. அன்றைக்கு முந்நூற்றுப் பத்துப் பெயர் அடித்தாள், மடைச்சி. கூட அடித்தால் மனம் இரங்குவார் என்று நினைத்தாளாக்கும்.

செவ்வாய்க்கிழமை தேத்தண்ணி நேரத்தில் ஜொஹறா ஏழாம் கணினிக்கு முன்னால் குந்தினாள். அவளுடைய குடும்பம் புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு ஊர் திரும்பியது. அங்கே கொஞ்ச நாள் கணினி படித்தவள். கணினி தனக்கு நடந்ததையெல்லாம் தானே குறித்து வைக்கும் என்றும், அதைத் திறந்து பார்க்கலாம் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. திறந்தாள். சிவப்புக் குறி போட்ட வரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு வரியும் கணினி எதிர்பாராமல் நின்றது என்றது. நேரத்தைப் பார்த்தால் ஒன்று முப்பத்தாறு, ஒன்று முப்பத்தைந்து, ஒன்று முப்பத்தேழு, ஒன்று முப்பத்தாறு.

"இது தானா நிக்கல்ல" என்றாள் ஜொஹறா. "அப்டேட் அரைவாசி ஏறக்குள்ள ஆரோ கரண்ட வெட்டியிருக்காங்க. ஒவ்வொரு நாளும்."

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மெயின் சுவிச்சை இழுக்கிறவள் நான்.

ஐயோ, அந்த நேரம் எனக்கு வந்த வெட்கம்! இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி இடியில் இரண்டு கணினிகள் எரிந்தன. அன்றிலிருந்து ஒன்றரை தாண்டியதும் மெயினை நிறுத்திவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும் என்று சேர் எனக்குச் சொல்லியிருந்தார். கரண்ட் பில்லும் குறையும் என்றார். வானம் இலேசாக உறுமினாலே ரிவி வயரைக் கழற்றுகிற ஊர் எங்களுடையது. அதை ஒரு வேலையென்றே நான் நினைக்கவில்லை. பன்னிரண்டு திரையும் நிறுத்த வேண்டாம், நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்க, அதைப் பார்த்துக்கொண்டேதான் இழுத்தேன். இரண்டு மணிக்கு பஸ். நின்று வாசிக்க ஆருக்கு நேரம்? மேனுகாவின் வேலையைத் தின்றது என் கை.

முந்தி வந்ததெல்லாம் சின்ன அப்டேட், சித்திரையில் வந்தது பெரியது, ஏழாவது ஆகப் பழைய கணினி, மெல்ல மெல்லத்தான் ஏறும், அதனால்தான் அதற்கு அடி கூட என்றாள் ஜொஹறா. இப்படியே போனால் மற்றவையும் ஒவ்வொன்றாக விழும் என்றும் சொன்னாள்.

புதன்கிழமை நான் சேரிடம் போனேன். ஒருநாள் மெயினை நிறுத்தாமல், மூன்று நாலு மணித்தியாலம் கணினிகளைத் தொடாமல் விட்டால் அப்டேட் ஏறிவிடும் என்று விளங்கப்படுத்தினேன். பூட்டின கட்டடத்தில் கரண்டை விடமாட்டேன் என்றார், வேலை நேரத்தில் விட்டால் அந்த நேரத்துப் பெயர்களை ஆர் அடிப்பது என்று கேட்டார். மேனுகாவில் பிழையில்லை, மெயினை இழுத்தது நான், இழுக்கச் சொன்னது நீங்கள் என்றேன்.

"நான் சொன்னதுக்கு எழுத்து இருக்கோ?"

"எழுத்தில்லை சேர். வாயால சொன்னனீங்கள்."

"சரி. அப்ப மேனுகா வைக்கத் தேவையில்லை. நீர் வையும்."

தாளை என் பக்கம் தள்ளினார். பொய் சொல்வானேன், ஒரு கணம், மேனுகாவே வைத்தால் என்ன என்றுகூட மனம் போனது. நல்ல காலம், கதவடியில் மேனுகா நின்றாள்.

"சுதாஜினி அக்கா வைக்கமாட்டா" என்றாள். "நானும் வைக்கமாட்டன் சேர்."

அன்றைக்கு வேலை முடிந்து முதிரை மரத்தடியில் நின்று கதைத்தோம். நாளைக்குப் பத்து மணிக்குப் பன்னிரண்டு பேரும் ஒன்றாக அப்டேட்டைப் போடுவது, முடியும்வரை கையை மடியில் வைத்திருப்பது. விமலேஸ்வரி அக்காதான் எங்களில் மூத்தவ. தனக்குப் பயமாகக் கிடக்குது என்று ஒளிக்காமல் சொன்னா. பயமில்லாத ஆள் அங்கே ஆரும் இல்லை, ஆனால் அவ ஒருத்திதான் வாய்விட்டுச் சொன்னது. வரமாட்டா என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழன் பத்து மணிக்கு முதலில் அழுத்தியது விமலேஸ்வரி அக்கா. பிறகு நாங்கள். விசைப்பலகைச் சத்தம் நின்றதும் காற்றாடிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நாங்கள் ஒருத்தரையொருத்தர் ஆறுதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெயர்கள் வரவில்லை என்பது பதினொரு மணிக்கெல்லாம் சேரின் போனுக்குத் தெரிந்துவிட்டது. வந்தார், கத்தினார், ஆர் சொல்லி இது என்று கேட்டார். அப்போது மெயின் சுவிச் பக்கம் போனார். நான் எழும்பிப் போய் அதற்கு முன்னால் நின்றேன். மேனுகா வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு ஜொஹறா.

"எல்லாரையும் நிப்பாட்டிப் போடுவன்" என்றார்.

"எங்களை நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ சேர். மெசினை மட்டும் இப்ப நிப்பாட்டாதேங்கோ."

இதைச் சொன்னது நான்தான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சுவிச்சுக்குக் கையை நீட்டினால் அது எங்களில் படும். யன்னலால் டிப்பர்க்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கதிரையை இழுத்து வாசலில் போட்டு இருந்துகொண்டு போனைக் காதில் வைத்தார்.

ஒன்றரைக்குக் கிட்ட முதலாவது கணினி சரியாக எழும்பியது. பிறகு நாலாவது, பிறகு ஒன்பதாவது. பதினொரு திரையிலும் நீலம் போய்விட்டது. ஏழாவது நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் வரைக்கும் போனது. பிறகு நின்றது. பிறகு அந்தப் பழைய வசனம் வந்தது: செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன். மேனுகா திரையைப் பார்க்காமல் தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சேர் எழும்பி வந்து ஒவ்வொரு திரையாகப் பார்த்தார். அவருடைய முகம் தெளிந்துவிட்டது.

"பதினொண்டும் சரிதானே. நீங்கள் வெளிக்கிடுங்கோ, நாளைக்கு வழமைபோல வாங்கோ. நடந்ததை நான் பெரிசுபடுத்தேல்லை. மேனுகா மட்டும் நிக்கட்டும்."

எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டார்! எங்கள் கதிரைகள் எங்களுக்கு, அவளுடைய கதிரை அவருக்கு. வீதியில் இரண்டு மணி பஸ் ஹோர்ன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது நாலரைக்கு. ஒன்றிரண்டு பேர் பையில் கை வைத்ததை நான் கண்டேன். விமலேஸ்வரி அக்கா பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினா. அவ தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏழாம் மேசைக்குப் பக்கத்தில் வைத்து இருந்தா.

பிறகு கதிரைகள் இழுபடுகிற சத்தம்தான். பஸ் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தவணை அப்படியேதான் இருந்தது, தாளும் அவருடைய கையிலேயே இருந்தது. ஏழாவது கணினி மாற்றங்களைத் திரும்ப எடுத்து முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, இன்னொரு தரம் முதலிலிருந்து போட்டுப் பாப்பம் என்று ஜொஹறா விசையை அழுத்தினாள். திரை கறுத்து, நெடுநேரம் கறுப்பாகவே கிடந்து, பிறகு மெல்ல நீலமாகியது. ஒரு வீதம் என்று காட்டியது. அந்த ஒரு வீதத்தைப் பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.