கற்கண்டு போட்ட கறி

பன்றிக்கறியில் அந்த மனிதர் கற்கண்டைப் போட்டார். மீனம்மாள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நன்றாகப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, கல்யாண வாசலில் சந்தனத்தோடு தட்டில் வைத்து நீட்டுகிற அதே கற்கண்டுதான். கை நிறைய அள்ளி, கல் உப்பைப் போடுவதுபோல விலா எலும்புத் துண்டுகளின் மேல் தூவினார். பிறகு ஒரு பாட்டிலைத் திறந்து கறுப்பாக எதையோ ஊற்றினார். காடியின் புளித்த நெடி மூக்கில் ஏறியது. இனிப்பையும் புளிப்பையும் ஒரே சட்டியில், அதுவும் இந்தக் கறியில் போடுகிறாரே, இது கடைசியில் என்னவாகத்தான் ஆகும் என்று அவளுக்கு ஒரே குடைச்சலாக இருந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த சமயம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் அப்போது வயல்களுக்கு நடுவே ஒன்றிரண்டு கம்பெனிகள்தான் முளைத்திருந்தன. அதில் ஒன்று பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற கம்பெனி. அங்கே புது மெஷின் பொருத்த வந்தவர் லின். தைவான் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். கம்பெனி மொத்தமும் அவரை ஜப்பான்காரர் என்றே கூப்பிட்டது, அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். வந்தபோது நல்ல தொப்பை இருந்தது. சாம்பாரும் ரசமும் அதைக் கரைத்துவிட்டன. மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, ஊருக்குக் கிளம்பப் போகிறார். போவதற்குள் ஒரு வேளையாவது தன் ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டால் போதும் என்று மேனேஜரிடம் கேட்டு, மெட்ராஸிலிருந்து ஐஸ் பெட்டியில் கறி வரவழைத்து, ஊரிலிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்திருந்த கரண்டுச் சட்டியைக் கேன்டீன் மூலையில் வைத்துவிட்டார். அந்தச் சட்டி நம்மூர்க் கரண்டைத் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை நடுவில் மாட்டிக் கொடுத்தார். ஆளுக்கு நம்மூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சட்டிக்கு நம்மூர்க் கரண்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சிரித்தார்கள்.

கண்ணாடி மூடியைப் போட்டு மூடிவிட்டு, லின் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கி அமுக்கிக் காட்டினார். "ஸ்லோ. ஸ்லோ." பிறகு ஜன்னல் வழியே வானத்தைக் காட்டி, சாயங்காலம் என்பதுபோல மேற்கே விரலை இறக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மெஷினைப் பார்க்கப் போய்விட்டார்.

கேன்டீனின் தலைமைச் சமையல்காரர் கன்னியப்பனுக்கு அந்தச் சட்டியைக் கண்டாலே பிடிக்கவில்லை. பென்னலூரில் நிலம் வைத்து விவசாயம் செய்த குடும்பம். சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் சமைத்த கை. அடுப்பென்றால் தீ எரிய வேண்டும், பாத்திரம் என்றால் சத்தம் போட வேண்டும் அவருக்கு.

"இன்னா சட்டி இது, கவர்மெண்டு ஆபீசு மாரி கீது. உள்ள வேல நடக்குதா இல்லியான்னே தெர்ல," என்றார்.

சோறு வடிக்கிற முனிரத்தினம் அந்த மூலையையே விட்டு விலகி நின்றான். "நடந்தா நடக்குது, நடக்காங்காட்டி போவுது. அந்தப் பக்கம் போவாதீங்கண்ணே. எங்க வூட்ல தெரிஞ்சா தலைக்குத் தண்ணி ஊத்திக்காம உள்ள வுட மாட்டாங்க. பன்னிக்கறி துன்றவங்க கை பட்ட ஏனத்துலகூட எங்கம்மா தண்ணி குடிக்காது."

மீனம்மாள் குனிந்து கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள்.

அவள் இந்தக் கேன்டீனுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தவள். கொல்லைப்புறக் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தவளை, கை சுத்தமாக இருக்கிறது என்று கன்னியப்பன்தான் உள்ளே கூப்பிட்டுக் காய் நறுக்க உட்கார வைத்தார். போன மாதத்திலிருந்து சாயங்கால டீயையும் அவளிடமே விட்டுவிட்டார். ஷிஃப்ட் நடுவில் சங்கு ஊதியதும் வரிசையில் வந்து நிற்பவர்களுக்கு டம்ளரில் பிடித்து அவள் கையால் கொடுக்க வேண்டும். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. "மீனம்மா, இன்னொரு சொட்டு" என்று டம்ளரை நீட்டுவார்கள். அவள் கையிலிருந்து வாங்கி அவள் எதிரிலேயே குடிப்பார்கள். அவள் பிறந்ததிலிருந்து இத்தனை பேர் அப்படி வாங்கிக் குடித்ததில்லை.

ஏனென்றால் அவள் வீடு தண்டலத்துக்குப் பக்கத்துக் காலனியில் இருந்தது. அதை அவள் இங்கே சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு பஸ் நிற்கிற பக்கம் என்றாள்; அதுவும் பொய்யில்லை. மீனம்மாள் என்ற பேரை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. புருஷன் பேரைக் கேட்டார்கள். யாக்கோபு என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவளுக்கு உதவியது. வெட்கப்படுவதுபோல முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கேட்டவர்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

சட்டி தன்பாட்டுக்கு மூலையில் உட்கார்ந்திருந்தது. விசில் இல்லை, கொதி இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்கள் ஒழிந்த பிறகு, கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து வழிவதை அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் யாக்கோபு கறி வாங்கி வருவான். மிளகும் பூண்டும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு அவள் வேக வைப்பாள், தெருவே மணக்கும். அதில் ஒரு சிட்டிகை சர்க்கரை விழுந்தால்கூட மாமியார் சட்டியோடு கொட்டிவிடுவாள். இந்த ஆளோ கற்கண்டைக் கொட்டுகிறார். அது கரைந்து எங்கே போகும், எலும்புக்குள் இறங்குமா, மேலேயே நிற்குமா? போய் மூடியைத் திறந்து ஒரே ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது. ஆனால் கால் போகவில்லை.

கால் போனது கன்னியப்பனுக்கு. வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் சாப்பிட முடியாமல் சாப்பிட்டுவிட்டு, போகும்போது தன்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போகிற மனிதர், இன்றாவது வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டாமா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், மனுசன் ஒண்ணுந் தெரியாம பச்சையா வேக வச்சிட்டுப் பூட்டாரு. தாளிப்பு வாணாமா?" என்றபடி இரும்புக் கரண்டியில் எண்ணெயைக் காய்ச்சி, கடுகும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டார். துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கரண்டி வெடித்துக்கொண்டே சட்டியை நோக்கிப் போயிற்று.

"அண்ணே, வாணாம்," என்று மீனம்மாள் எழுந்துவிட்டாள். "எண்ண ஊத்தாதீங்க. அதுவே நெய் வுடும்."

கரண்டியில் கடுகு மட்டும் வெடித்தது.

கறியிலிருந்து உருகி வருவதை ஊரில் எல்லோரும் கொழுப்பு என்பார்கள். நெய் என்பது பன்றிக்கறி ஆக்கித் தின்கிற வீட்டுப் பேச்சு. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது.

"நெய்யா?" என்றான் முனிரத்தினம்.

கன்னியப்பன் கரண்டியை மேடைமேல் வைத்தார். மூக்கிலிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தார். "நெய் வுடும்னு ஒனக்கு எப்டித் தெரியும், மீனம்மா?"

யாரோ சொல்லக் கேட்டேன் என்றால் முடிந்துபோயிற்று. பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவள் வாயைத் திறப்பதற்குள் லின் வந்துவிட்டார்.

அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய் மூடியைத் தூக்கினார். அதுவரை கேன்டீனில் இருந்த சாம்பார் வாசனை ஒதுங்கிக்கொண்டது. கறுப்பும் சிவப்பும் கலந்த ஒரு பளபளப்பில் துண்டுகள் கிடந்தன. எலும்பு நுனிகள் வெளுப்பாக வெளியே துருத்திக்கொண்டிருந்தன. மேலே நெய் மிதந்தது. அதை ஒரு கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, ஸ்பூனில் ஒரு துண்டை வைத்துக் கன்னியப்பனிடம் நீட்டினார், சமையல்காரருக்குச் சமையல்காரர் கொடுக்கிற மரியாதையாக. கன்னியப்பன் கைகூப்பிப் பின்வாங்கினார். முனிரத்தினம் அதற்குள் சோற்று அண்டாவுக்குப் பின்னால் போய்விட்டான். ஸ்பூன் மீனம்மாளிடம் திரும்பியது.

லின்னின் முகத்தில் ஆசை இருந்தது. தான் ஆக்கியதை யாராவது ஒருவர் தின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வேண்டாம் என்று தலையாட்டினால் டீக் கவுன்ட்டர் பிழைக்கும். சொன்ன வார்த்தையைக்கூட மழுப்பிவிடலாம். ஆனால் எத்தனை மாதமாக அவள் ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் யோசித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அதைவிடப் பெரிதாக, காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்த ஒன்று இருந்தது. இப்போது விட்டால் அந்தக் கற்கண்டு என்னவாயிற்று என்று அவளுக்குச் செத்தாலும் தெரியப்போவதில்லை.

வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

கடிக்க வேண்டியிருக்கவில்லை. கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எலும்பைக் கையில் எடுத்து, இடுக்கில் ஒட்டியிருந்ததையும் விடாமல் உறிஞ்சினாள். அப்படிச் செய்வது நாகரிகமா என்று நினைக்கவே இல்லை. லின் "குட்?" என்று கேட்டார். தலையாட்டினாள், அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். தன் தட்டை நிரப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி சாப்பிட ஆரம்பித்தார்.

மீனம்மாள் கன்னியப்பன் பக்கம் திரும்பினாள்.

"எங்க வூட்ல ஞாயித்துக்கெழம ஆக்குவோம்ணா," என்றாள். "அவுரு பேரு யாக்கோபு. நாங்க காலனி."

கன்னியப்பன் ஆறிப்போன தாளிப்பைக் கொண்டுபோய் ரசத்தில் கொட்டினார். முனிரத்தினம் பின்வாசல் வழியாக வெளியே போவது தெரிந்தது. யாரிடமெல்லாம் சொல்லப் போகிறான் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

சங்கு ஊதியது. மீனம்மாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டீ கேனுக்குப் பின்னால் போய் நின்றாள். போகாதே என்று கன்னியப்பன் தடுப்பார் என்று எதிர்பார்த்தாள், அவர் தடுக்கவில்லை. ஆட்கள் வந்தார்கள். வழக்கமாக முட்டி மோதிக்கொண்டு வருகிற கூட்டம், இன்று வாசற்படியிலேயே நின்றது. வரிசை இருந்தது, வரிசைக்கு முதல் ஆள்தான் இல்லை. ஒருவன் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான். தினமும் இன்னொரு சொட்டு கேட்கிற எல்லப்பன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. குழாயைத் திறந்து ஒரு டம்ளரைப் பிடித்து மேடைமேல் வைத்தாள். ஆவி பறந்தது.

கன்னியப்பன் துண்டில் கையைத் துடைத்தபடி மேடையைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் நிற்கிற பக்கம் வந்தார். வரிசையைப் பார்க்கவில்லை. அவருடைய நெற்றி சுருங்கியிருந்தது; ஏதோ கணக்கு இடிக்கிற மாதிரி யோசனையில் இருந்தார்.

"ஏன் மீனம்மா, கற்கண்டும் போட்டாரு, காடியும் ஊத்துனாரு. மொதல்ல எது தெரியுது?"

"இனிப்புதாண்ணா மொதல்ல," என்றாள். "புளிப்பு முழுங்கின அப்பறந்தான் வருது."

"முழுங்கின அப்பறமா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். யோசனையிலேயே கை நீண்டு டம்ளரை எடுத்தது. சூடு தாங்காமல் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். உதட்டருகே கொண்டுபோய் ஊதினார், மறுபடி ஊதினார். வரிசையில் நின்ற அத்தனை கண்களும் அவருடைய டம்ளரின் விளிம்பிலேயே இருந்தன. மீனம்மாள் அடுத்த டம்ளரைக் குழாய்க்கு அடியில் பிடித்தபடி நின்றாள்.